ஹாகிஸா, விலாங்கா, கடற்பாசியா: பிரிட்டனின் அரிய உணவுகளில் எதை முதலில் சுவைப்பது?

பிரிட்டனுக்குப் படிக்கவும் பணிபுரியவும் உறவினரைப் பார்க்கவும் வரும் தமிழர்கள் பலர், ஊர் சுற்றிப் பார்ப்பதற்கு நாள்வாரியாகத் திட்டம் வகுத்துக்கொள்கிறார்கள். உணவு என்று வரும்போது மட்டும், பொரித்த மீனையும் உருளைக்கிழங்கு வறுவலையும் தாண்டி எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். ஆட்டு நுரையீரல், பன்றி ரத்தம், குளிர்ந்த விலாங்கு, மணிக்கணக்காக வெந்த கடற்பாசி என்று கேட்டதும் ஆர்வமும் தயக்கமும் ஒருசேர எழுகின்றன. எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் உண்டு பார்க்க நேரமும் போதாது, வயிறும் இடம் தராது. ஒன்றையோ இரண்டையோ தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இந்தத் தேர்வைப் பெரும்பாலோர் மூலப்பொருளைப் பார்த்துச் செய்கிறார்கள். நுரையீரல் என்றதும் ஹாகிஸ் என்ற ஸ்காட்லாந்து உணவை ஒதுக்கிவிட்டு, மீன்தானே என்று விலாங்கைக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். ஆட்டு ரத்தப் பொரியலையும் குடல் குழம்பையும் கருவாட்டையும் வீட்டில் உண்டு வளர்ந்த ஒருவருக்கு மூலப்பொருள் பெரிய தடையாக இருப்பதில்லை என்பது என் உறுதியான கருத்து. தடையாவது, அந்த உணவு சூடாக வருகிறதா குளிர்ந்து வருகிறதா, வாயில் என்ன பதத்தில் இருக்கிறது, உப்பையும் மிளகையும் தவிர வேறு ஏதேனும் அதில் இருக்கிறதா என்பவையே. சூடான, மிளகு சேர்ந்த, உதிரியான உணவு எவ்வளவு விசித்திரமான பொருளால் ஆனதாக இருந்தாலும் நம் நாவுக்கு எளிதில் பழகிவிடும். குளிர்ந்த, வழுவழுப்பான உணவு, மிகப் பழக்கமான மீனால் செய்யப்பட்டிருந்தாலும், முதல் வாயிலேயே விலகி நிற்கும்.

## எவற்றை அளவாகக் கொள்வது

முதலில் பார்க்க வேண்டியது, நாம் உண்ணாத பொருள் ஏதேனும் அதில் கலந்திருக்கிறதா என்பது. பிரிட்டனில் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களை உணவுப் பொட்டலங்களில் தனித்துத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது சட்டம். கடையிலேயே செய்து முன்கூட்டியே பொதிந்து வைத்து விற்கப்படும் உணவுகளுக்கும் 2021 அக்டோபர் முதல் முழுப் பொருள்பட்டியல் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் அந்த 14 வகைகளில் இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தடித்த எழுத்துகளை மட்டும் ஓட்டமாகப் பார்த்துவிட்டு வாங்கினால், மாட்டுக் கொழுப்பு மெல்லிய எழுத்தில் அமைதியாக உள்ளே இருக்கும். குறிப்பாக ‘சூவெட்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் மாட்டின் சிறுநீரகத்தைச் சூழ்ந்திருக்கும் கெட்டியான கொழுப்பு. தாவரக் கொழுப்பால் செய்த சூவெட்டும் உண்டென்றாலும் அது ‘வெஜிடபிள் சூவெட்’ என்று தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது அளவு, மேலே சொன்ன சூடும் பதமும். மூன்றாவது, ஒரு துண்டு மட்டும் வாங்கிப் பார்க்க முடியுமா, முழுத் தட்டுக்கும் பணம் கொடுத்தாக வேண்டுமா, அதற்காகத் தனியே ஓர் ஊருக்குப் போக வேண்டுமா என்பது. நான்காவது, உடல்நலமும் அந்த உயிரினத்தின் நிலையும். இந்த நான்காவது அளவைச் சேர்க்கத் தயங்குபவர்கள் உண்டு. சுவைத்துப் பார்ப்பதற்காக உண்ணும் உணவுக்கு அது அன்றாட உணவைவிடவும் அதிகம் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன். பசிக்காக உண்பதை எப்போதும் தவிர்க்க முடியாது, ஆர்வத்துக்காக உண்பதைத் தவிர்க்க முடியும்.

| உணவு | எதனால் ஆனது | சூடும் பதமும் | கவனிக்க வேண்டிய கலப்பு | சைவ வடிவம் | எங்கே உண்பது |
|---|---|---|---|---|---|
| ஹாகிஸ் | ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல், ஓட்ஸ் | சூடு. உதிரி | பல தயாரிப்புகளில் மாட்டுக் கொழுப்பு | எளிதில் கிடைக்கும் | ஸ்காட்லாந்து முழுவதும் |
| பிளாக் புட்டிங் | ரத்தம், கொழுப்பு, ஓட்ஸ் அல்லது பார்லி | சூடு. வெளியே மொறுமொறுப்பு | பன்றி, சிலவற்றில் மாடு | உண்டு, தேட வேண்டும் | காலை உணவுக் கடைகள், பெரி, லூயிஸ் தீவு |
| ஜெல்லி விலாங்கு | விலாங்கு, வினிகர், மசாலா | குளிர். வழுவழுப்பு, முள் | அருகிவரும் இனம் | இல்லை | கிழக்கு, தெற்கு லண்டன் |
| லேவர்பிரெட் | கடற்பாசி | சூடாக்கி உண்பது. மென்கூழ் | வதக்கும் பன்றிக் கொழுப்பு | இயல்பிலேயே சைவம் | தென் வேல்ஸ் |
| கிப்பர், ஸ்மோக்கி | புகையூட்டிய மீன் | சூடு. மீன் துண்டு | முள், உப்பு, வாசனை | இல்லை | நார்தம்பர்லண்ட், ஆர்ப்ரோத் |
| மார்மைட் | ஈஸ்ட் சாறு | ரொட்டியில் தடவுவது. பசை | மிகுந்த உப்பு, பார்லி | இயல்பிலேயே சைவம் | எந்தக் கடையிலும் |

## ஹாகிஸ்

ஆட்டின் இதயத்தையும் ஈரலையும் நுரையீரலையும் வேகவைத்து நறுக்கி, வெங்காயம், ஓட்ஸ், கொழுப்பு, உப்பு, மிளகு, இன்னும் சில மசாலாப் பொருள்கள் ஆகியவற்றோடு கலந்து, முற்காலத்தில் ஆட்டின் இரைப்பையிலும் இப்போது பெரும்பாலும் செயற்கை உறையிலும் அடைத்து மீண்டும் வேகவைப்பதே ஹாகிஸ். மசாலாவின் விகிதம் ஒவ்வொரு இறைச்சிக்கடைக்காரரும் தமக்கென வைத்திருப்பது. ஆனால் மிளகின் காரம் எல்லாவற்றிலும் முன்னே நிற்கும். தட்டில் அது உறையிலிருந்து சரிந்து, நன்றாக வதங்கிய கொத்துக்கறிக்கும் கெட்டியான உப்புமாவுக்கும் இடைப்பட்ட ஒரு பதத்தில், ஆவி பறக்க வந்து சேரும். பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கும், ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘நீப்ஸ்’ என்று அழைக்கும் மஞ்சள் நிறக் கிழங்கின் மசியலும் இருக்கும். அந்தக் கிழங்கின் இலேசான இனிப்பு மிளகின் காரத்தைத் தாங்கிக்கொள்வதால், இவற்றை ஒன்றாகச் சேர்த்து உண்பது அவசியம். ஹாகிஸைத் தனியே உண்டு பார்த்துவிட்டுக் கொழுப்பாக இருக்கிறது என்று முடிவுக்கு வருவது அந்த உணவுக்குச் செய்யும் நியாயமாகாது.

ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786-இல் ஹாகிஸை நேரே விளித்து ஒரு கவிதை எழுதினார். அவர் பிறந்த நாளான ஜனவரி 25 அன்று ஆண்டுதோறும் நடைபெறும் விருந்துகளில் ஹாகிஸ் இசையோடு அவைக்குக் கொண்டுவரப்பட்டு, கவிதை படிக்கப்படும்போதே வெட்டப்படுகிறது. ஏழைகளின் அடுப்பில், ஆட்டின் எந்தப் பகுதியும் வீணாகக் கூடாது என்ற அக்கறையில் உருவான உணவை ஒரு நாட்டின் அடையாளமாக உயர்த்தியதில் அந்தக் கவிதைக்குப் பெரும் பங்கு உண்டு. ஜனவரி மாதத்தில் பிரிட்டனில் இருப்பவர்களுக்கு, லண்டனின் சாதாரணப் பல்பொருள் அங்காடியிலும் ஹாகிஸ் எளிதில் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி.

மறைந்திருக்கும் விலை என்னவென்றால், பெயருக்கு இது ஆட்டு உணவானாலும், சேர்க்கப்படும் கொழுப்பு பல தயாரிப்புகளில் மாட்டுக் கொழுப்பாகவே இருக்கிறது. மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் உணவகத்தில் ‘இது ஆடுதானே?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்ற பதிலே வரும், ‘கொழுப்பு எதிலிருந்து?’ என்று கேட்க வேண்டும். கருவுற்றிருப்பவர்கள் ஹாகிஸைத் தவிர்க்க வேண்டும் என்பது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை கூறும் அறிவுரை. ஈரலில் வைட்டமின் ஏ மிகுதியாக இருப்பதே காரணம். அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் நுரையீரல் சேர்ந்த இந்த வடிவைத் தங்கள் நாட்டுக் கடைகளில் கண்டிருக்க மாட்டார்கள். ஆட்டு நுரையீரலை உணவாகப் பயன்படுத்த அங்கே 1971-இல் தடை விதிக்கப்பட்டது.

ஹாகிஸின் மிகப் பெரிய வலிமை, அதைச் சிறிது சிறிதாக அணுகலாம் என்பதுதான். முழுத் தட்டுக்கு மனம் ஒப்பாதவர்கள், ஸ்காட்லாந்தின் காலைத் தட்டில் வரும் ஒரு வட்டத் துண்டிலிருந்து தொடங்கலாம். கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் தெற்காசிய உணவகங்கள் விற்கும் ஹாகிஸ் பக்கோடா இன்னும் எளிது; கடலைமாவுக்குள் மிளகுக் கறி என்றால் நமக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. சைவ ஹாகிஸ் 1984-இல், எடின்பரோவில் ஸ்காட்டிஷ் கவிதை நூலகம் திறக்கப்பட்டதையொட்டி மாக்ஸ்வீன் என்ற இறைச்சி நிறுவனம் உருவாக்கியது. பயறு, ஓட்ஸ், காய்கறிகள், விதைகள், அதே மிளகு என்ற கலவையில் அமைந்த அது, மாற்றுப் பொருள் என்ற நிலையைக் கடந்து தன் சுவைக்காகவே உண்ணப்படும் உணவாகிவிட்டது. இறைச்சி உண்பவர்களிலும் பலர் அதை விரும்பி வாங்குவதைக் காணலாம். ஓட்ஸ் சேர்ந்திருப்பதால், குளூட்டன் என்ற தானியப் புரதம் ஒவ்வாதவர்கள் பொட்டலத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். ஹலால் முறையில் செய்யப்பட்ட ஹாகிஸும் ஸ்காட்லாந்தில் விற்பனையில் உண்டு.

ஆறு உணவுகளிலும் முதலில் ஒன்றைத்தான் உண்ண முடியும் என்றால், ஹாகிஸையே சொல்வேன்.

## பிளாக் புட்டிங்

இது இனிப்புப் பண்டம் அன்று. பெரும்பாலும் பன்றியின் ரத்தத்தோடு கொழுப்பையும் ஓட்ஸையோ பார்லியையோ கலந்து குழல் வடிவில் வேகவைத்து, பின்னர் வட்டமாக வெட்டி வறுத்துத் தரப்படும் கரிய நிற உணவு. ரத்தப் பொரியல் உண்டவர்களுக்குச் சுவை அந்நியமாக இருக்காது. தானியம் சேர்ந்திருப்பதால் இதன் உள்ளே அழுத்தமான மாவுத்தன்மை இருக்கும் என்பதே வேறுபாடு.

இதில் இரண்டு மரபுகளைப் பிரித்தறிவது நல்லது. லங்காஷயர் பகுதியின் பெரி நகரச் சந்தையில் கிடைப்பது, வெள்ளைக் கொழுப்புத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியும் வகை. அதை வேகவைத்துக் கடுகுச் சாந்தோடு சூடாகக் கையில் தருவார்கள். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவிலுள்ள ஸ்டோர்னோவே நகரின் பெயரால் அறியப்படுவது, ஓட்ஸ் மிகுந்த, உதிரும் தன்மை கொண்ட, கொழுப்புத் துண்டுகள் துருத்தித் தெரியாத வகை. 2013-இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பெயரை அப்பகுதிக்கு வெளியே செய்பவர்கள் பயன்படுத்த முடியாது. என் பரிந்துரை ஸ்டோர்னோவே வகைக்கே. ஆயினும் அதில் மாட்டுக் கொழுப்பு சேர்கிறது என்பதை மறக்கக் கூடாது.

விலையும் முயற்சியும் மிகக் குறைவு: காலை உணவுக் கடைகளில் முட்டை, தக்காளி, காளான், அவரை ஆகியவற்றோடு ஒரு துண்டாக வந்துவிடும், பிடிக்காவிட்டால் ஒதுக்கி வைக்கலாம். ஆனால் மலிவான தட்டுகளில் வருவது பெரும்பாலும் உலர்த்திய ரத்தப் பொடியில் ஆலையில் செய்யப்பட்டது. அதை உண்டு பார்த்துவிட்டு இந்த உணவையே தீர்ப்பிடுவது சரியாகாது. பெயர் பெற்ற இறைச்சிக்கடையிலிருந்து வாங்குவதாகச் சொல்லும் உணவகத்தைத் தேடுவது நல்லது. ரத்தம் உண்பதை இஸ்லாம் விலக்கியிருக்கிறது. கிறிஸ்தவர்களிலும் சில பிரிவினர் உண்பதில்லை. அவர்களுக்கு இது தேர்வுக்கே உரியதன்று.

## ஜெல்லி விலாங்கு

பட்டியலில் இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனெனில் வாசகர்கள் மிகுதியாகக் கேட்பதும் மிகுதியாக ஏமாறுவதும் இதில்தான். தேம்ஸ் ஆற்றில் விலாங்கு ஏராளமாகக் கிடைத்த காலத்தில், கிழக்கு லண்டனின் உழைக்கும் மக்களுக்கு அது மலிவான, சத்துள்ள உணவாக இருந்தது. மீனைத் துண்டுகளாக வெட்டி, வினிகரும் மசாலாவும் சேர்த்த நீரில் வேகவைத்து ஆறவிட்டால், அதன் தோலிலும் எலும்பிலும் இருந்து இறங்கும் பசைப்பொருளால் அந்த நீர் தானாகவே உறைந்து தெளிந்த ஜெல்லியாகிவிடும். குளிர்பதனப் பெட்டி இல்லாத நாளில் மீனைக் கெடாமல் காப்பாற்றிய எளிய நுட்பம் அது. விலாங்கும், மாவுறைக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’ என்ற பண்டமும், மசித்த கிழங்கும் விற்ற கடைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் பெருகின. வெள்ளை ஓடுகள் பதித்த சுவர்களும் பளிங்கு மேசைகளும் நீண்ட மர இருக்கைகளுமாக அவற்றுள் சில இன்றும் இயங்குகின்றன. டவர் பிரிட்ஜ் சாலையிலுள்ள மான்ஸே கடை 1902 முதல் அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது.

நம் நாவுக்கு இது மிகக் கடினமான தேர்வு. மீன் குளிர்ந்திருக்கும், ஜெல்லி வாயில் கரைந்து வழுக்கும், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் முள் இருக்கும், உப்பும் வினிகரும் தவிரச் சுவை மிக மென்மையானது. மேசையில் வைத்திருக்கும் வெள்ளை மிளகுப் பொடியையும் மிளகாய் ஊறிய வினிகரையும் தாராளமாக ஊற்றிக்கொண்டால் நிலைமை சற்று மேம்படும். சுவையைவிட முதல் தொடுகையே பலரைத் தடுத்துவிடுகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, லண்டனிலேயே பிறந்து வளர்ந்த இளைஞர்களிலும் பலர் இதை உண்டதில்லை.

இதைவிடக் கனமான காரணம் வேறு. ஐரோப்பிய விலாங்கு, 2008 முதல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்ற நிலையில் இருக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் சர்காசோ கடலில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து வந்து ஐரோப்பிய ஆறுகளில் வளர்ந்து, இனப்பெருக்கத்துக்காக மீண்டும் அங்கேயே திரும்பும் மீன் அது. ஆறுகளை வந்தடையும் குஞ்சுகளின் எண்ணிக்கை 1980-களுக்குப் பின் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்துவிட்டது. பண்ணையில் வளர்த்தது என்று கடைக்காரர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் மனத்தைத் தேற்றிக்கொள்ள முடியாது: விலாங்கைச் சிறைப்பிடித்த நிலையில் வணிக அளவில் இனப்பெருக்கம் செய்விக்க இன்னும் வழி இல்லாததால், பண்ணைகள் இயற்கையில் பிடித்த குஞ்சுகளையே வாங்கி வளர்க்கின்றன.

ஆகவே ஒரு கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் உண்டு மீதியைக் குப்பையில் கொட்டுவது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதன்று. லண்டனின் உழைப்பாளர் வரலாற்றில் உண்மையான ஈடுபாடு கொண்டவர்கள் நால்வராகச் சேர்ந்து ஒரு சிறு கிண்ணத்தைப் பகிர்ந்து முழுவதும் உண்டு முடிக்கலாம். அதிலும் ஜெல்லியைக் காட்டிலும், சூடாகப் பார்ஸ்லி சாற்றோடு தரும் விலாங்குக் குழம்பு கிடைக்குமானால் அதைக் கேட்பதே நம் பழக்கத்துக்கு நெருங்கி வரும். மற்றவர்கள் அதே கடையில் பையும் மசித்த கிழங்கும் வாங்கி, ‘லிக்கர்’ என்று கேட்டுப் பச்சைச் சாற்றை ஊற்றிக்கொண்டு, அந்தப் பளிங்கு மேசையில் அமர்ந்து உண்ணலாம். அந்தச் சாற்றில் மது இல்லை. பையின் உள்ளே இருப்பது கொத்திய மாட்டிறைச்சி. சைவப் பையும் வைத்திருக்கும் கடைகள் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

## லேவர்பிரெட்

வேல்ஸின் தென்மேற்குக் கரையில் பாறைகளில் ஒட்டி வளரும் போர்ஃபைரா என்ற மெல்லிய கடற்பாசியைப் பலமுறை கழுவி மணல் நீக்கி, பல மணி நேரம் வேகவைத்து அரைத்தால் கிடைக்கும் கரும்பச்சைக் கூழ் இது. ரொட்டி என்ற சாயல் பெயரில் இருந்தாலும் மாவு எதுவும் இதில் இல்லை. ஓட்ஸோடு பிசைந்து சிறு வடைகளாகத் தட்டி வதக்கி, மட்டிச் சதையோடும் பன்றியிறைச்சித் துண்டுகளோடும் காலையில் உண்பது வேல்ஸின் மரபு. ஸ்வான்சி சந்தையின் நடுவே, பென்க்லவுத் பகுதியின் மட்டி விற்பவர்களிடமே இதுவும் கிடைக்கும்; 100 கிராம் கேட்டாலும் நிறுத்துத் தருவார்கள் என்பதால் சுவைத்துப் பார்ப்பதற்கு இதைவிட வசதியான இடமில்லை. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தோற்றப் பாதுகாப்பும் இதற்குக் கிடைத்தது.

ஜப்பானிய உணவகத்தில் சோற்றுருண்டையைச் சுற்றியிருக்கும் நோரித் தாளை உண்டவர்கள் இதன் நெருங்கிய உறவினரை ஏற்கெனவே சுவைத்திருக்கிறார்கள். அந்த உறவுக்கு ஓர் அரிய வரலாறு உண்டு. மான்செஸ்டரில் பணியாற்றிய கடற்பாசி அறிவியலர் கேத்லீன் டுரூ-பேக்கர், வேல்ஸ் கரையின் இந்தப் பாசியை ஆராய்ந்து, அதன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு கட்டம் கிளிஞ்சல் ஓடுகளுக்குள் கழிகிறது என்பதை 1949-இல் வெளியிட்டார். அதுவரை விதைக்கும் வழி தெரியாமல் இயற்கையின் போக்குக்கே விட்டிருந்த ஜப்பானிய நோரி வளர்ப்பு, அந்தக் கண்டுபிடிப்பால் நிலைபெற்ற தொழிலாக மாறியது. குமாமோட்டோ மாநிலத்தின் உட்டோ நகரில் அவருக்கு 1963-இல் நினைவுச்சின்னம் எழுப்பி ஆண்டுதோறும் மரியாதை செய்கிறார்கள். அவர் ஒருமுறையும் ஜப்பானுக்குச் சென்றதில்லை.

சுவை கடலின் உவர்ப்பும் கீரையின் ஆழமும் கலந்தது. தனியே கரண்டியால் உண்டால் கூழின் வழுவழுப்பு தடையாகும். ஓட்ஸோடு தட்டி இருபுறமும் மொறுமொறுப்பாக வதக்கினால் அந்தத் தடை நீங்கிவிடும். சைவ உணவினர் கடையில் உண்ணும்போது எதில் வதக்குகிறார்கள் என்று கேட்க வேண்டும், ஏனெனில் பன்றிக் கொழுப்பே மரபு; டின்னில் வாங்கி வீட்டில் எண்ணெயில் வதக்கினால் கவலையில்லை. அயோடின் மிகுந்த உணவு என்பதால் தைராய்டு சுரப்பிக்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதிகம் உண்ணக் கூடாது. சைவ உணவினருக்கு, தேடிச் சென்று உண்ணத்தக்க பிரிட்டிஷ் மரபுணவு என்று ஒன்றைக் காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்டுவேன். ஆனால் லண்டனில் மட்டும் தங்குபவர்கள் இதற்காகவே ஸ்வான்சி வரை போவது, ரயில் கட்டணத்தைக் கணக்கிட்டால், அந்தக் கடற்கரையையும் பார்க்கும் எண்ணமிருந்தால்தான் பொருந்தும்.

## கிப்பரும் ஆர்ப்ரோத் ஸ்மோக்கியும்

இரண்டும் புகையூட்டிய மீன்களே ஆயினும், செய்முறையில் உள்ள வேறுபாடு தேர்வை நிர்ணயிக்கிறது. கிப்பர் என்பது மத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்ரிங் மீனை முதுகுப்புறம் கீறி விரித்து, உப்பிட்டு, சூடில்லாத ஓக் மரப் புகையில் பல மணி நேரம் தொங்கவிட்டது; நார்தம்பர்லண்டின் கிராஸ்டர் கிராமம் இதற்குப் பெயர் பெற்றது. அதைச் சமைத்தே உண்ண வேண்டும், மெல்லிய முட்கள் ஏராளம். ஸ்மோக்கி என்பது ஹாடக் மீனை உப்பிட்டு, இரண்டிரண்டாக வாலில் கட்டி, எரியும் கடினமரத் தீயின் மேல் ஈரச் சாக்கால் மூடி, சூட்டிலேயே வேகவும் புகையேறவும் விட்டது. அதை அப்படியே கையில் வாங்கி உண்ணலாம், முட்களும் பெரிதாக, எளிதில் எடுக்கும்படி இருக்கும். ஆர்ப்ரோத் நகரைச் சுற்றி 8 கிலோமீட்டருக்குள் செய்வதற்கே அந்தப் பெயரை 2004-இல் ஐரோப்பியச் சட்டம் ஒதுக்கியது.

கருவாட்டின் வீச்சத்தை எதிர்பார்த்துத் தயங்குபவர்களுக்கு இரண்டுமே வியப்பளிக்கும்: மீன் ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும், புகையே முன்னே நிற்கும். தீயிலிருந்து எடுத்த ஸ்மோக்கியைச் சூடு ஆறுமுன் உண்பது, இந்தப் பட்டியலில் எந்தத் தயக்கத்துக்கும் இடமில்லாத ஒரே அனுபவம். கிப்பரின் மறைந்திருக்கும் விலையை வாடகை வீட்டில் இருப்பவர்கள் உணர்வார்கள். வாணலியில் வறுத்தால் வாசனை திரைச்சீலையிலும் மெத்தையிலும் நாள்கணக்கில் தங்கும், பொது விடுதிகளில் புகை எச்சரிக்கை மணியும் ஒலிக்கும். அதற்கு இந்நாட்டவர் கண்ட வழி, உயரமான குவளையில் மீனைத் தலைகீழாக நிறுத்தி, கொதிநீர் ஊற்றி மூடி, சில நிமிடங்கள் கழித்து எடுப்பது. வாசனையும் அடங்கும், உப்பும் ஓரளவு குறையும்.

## மார்மைட்

பீர் வடித்தபின் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து எடுக்கப்படும் இந்தக் கரும்பழுப்புப் பசை, 1902 முதல் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் செய்யப்படுகிறது. இலங்கைத் தமிழர்கள் பலருக்கு இது வீட்டு அலமாரியில் இருந்த பொருள். அவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. இந்தியாவோடும் இதற்கு ஓர் உறவு உண்டு: 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கருவுற்ற பெண்களிடையே கண்ட ரத்தசோகையை ஆராய்ந்த மருத்துவர் லூசி வில்ஸ், ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்துகிறது என்று கண்டார். ஃபோலேட் என்ற வைட்டமினை அடையாளம் காணும் பாதைக்கு அதுவே தொடக்கமாயிற்று. அவர் கையாண்டது மார்மைட்டே.

ஜாம்போலக் கரண்டியில் அள்ளித் தடவுவதே இதை வெறுப்பவர்கள் வழக்கமாகத் தொடங்கும் முறை. 100 கிராமில் ஏறத்தாழ 10 கிராம் உப்பு கொண்ட பொருளை அப்படி உண்ண முடியாது. சுட்ட ரொட்டியில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, அதன்மேல் கத்திமுனையில் எடுத்த அளவை ரொட்டியின் நிறம் தெரியும்படி மெல்லப் பரப்ப வேண்டும். செலவு ஒரு சிறு புட்டி மட்டுமே. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் கருத வேண்டும். மனச்சோர்வுக்குத் தரப்படும் எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்துகளை உண்பவர்கள் ஈஸ்ட் சாற்றை அறவே தவிர்க்க வேண்டும். பார்லி ஒவ்வாதவர்களுக்கும் ஆகாது.

## எவருக்கு எது

இரைப்பையை வெங்காயத்தோடு பாலில் வேகவைக்கும் லங்காஷயர் உணவையும், மத்தி இன மீன்களின் தலைகள் மேலே எட்டிப் பார்க்கும் கார்ன்வாலின் ஸ்டார்கேசி பையையும் நான் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. முன்னது கடைகளில் அருகிவிட்டது, பின்னதற்கு டிசம்பர் 23 அன்று மவுஸல் கிராமத்தில் இருக்க வேண்டும்.

எடின்பரோவுக்கோ கிளாஸ்கோவுக்கோ போகிறவர்கள் ஹாகிஸோடு நிறுத்திக்கொள்ளாமல், கிழக்குக் கரையில் ஆர்ப்ரோத் வரை போக முடியுமா என்று பார்க்க வேண்டும்; எடின்பரோவிலிருந்து நேரடி ரயில் உண்டு. மாட்டையும் பன்றியையும் தவிர்த்து மீன் உண்பவர்களுக்கு ஸ்மோக்கியே முதல் தேர்வு, ஹாகிஸ் கொழுப்பின் விவரம் தெரிந்த பின்னரே. தூய சைவ உணவினர் சைவ ஹாகிஸில் தொடங்கி, வேல்ஸ் பக்கம் போனால் லேவர்பிரெட்டை உண்ணலாம். அவர்கள் வறுவல் கடையில் வாங்கும்போது இன்னொன்றையும் கேட்க வேண்டும்: வட இங்கிலாந்தின் பல கடைகளில், குறிப்பாக யார்க்‌ஷயரில், உருளைக்கிழங்கையே மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். தாவர எண்ணெய் பயன்படுத்தும் கடையிலும், மீனும் இறைச்சி ஹாகிஸும் பொரித்த அதே எண்ணெயில் சைவ ஹாகிஸும் இறங்கக்கூடும்.

குழந்தைகளோடு வருபவர்களுக்கு ஹாகிஸ் பக்கோடாவும் ஸ்மோக்கியும் பாதுகாப்பான தொடக்கம். கிப்பரின் முள்ளும் விலாங்கின் முள்ளும் சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல. லண்டனில் இரண்டே நாள் தங்குபவர்கள், முதல் நாள் காலையில் பிளாக் புட்டிங் ஒரு துண்டும், மறுநாள் மதியம் டவர் பிரிட்ஜ் சாலையில் பையும் பச்சைச் சாறும் உண்டால் போதும். சமையலறை உள்ள விடுதியில் இருந்தால், பல்பொருள் அங்காடியில் சைவ ஹாகிஸ் ஒன்றை வாங்கி அடுப்பில் சூடாக்கி, உருளைக்கிழங்கை மசித்து, மேலே இன்னும் கொஞ்சம் மிளகைப் பொடித்துப் போட்டுக்கொள்ளலாம்.